தறிக்காரர் கோத்த நட்சத்திரம்

எண்பதுகளின் தொடக்கம். திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்த ஒரு சாயங்காலம். ஸ்டேஷனுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் மஞ்சள் வேட்டியும் காவடியும்தான். எல்லோரும் அரோகரா போட்டுக்கொண்டு மலைப்பக்கம் உற்சாகமாகப் போக, நான் மட்டும் ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி எதிர்ப்பக்கம் முண்டிக்கொண்டிருந்தேன். எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

அப்போது நான் மெட்ராஸில் ஆராய்ச்சி மாணவி. தினமும் திருத்தணியில் ரயில் ஏறி, அரக்கோணத்தில் மாறி, மெட்ராஸ் போய்விட்டு அதே வழியில் திரும்பி வருவேன். ஹாஸ்டலில் தங்கலாமே என்று கேட்காத ஆளில்லை. வீட்டில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, சமையலறை என் பொறுப்பு, என்ன செய்வது? ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்து தூங்குவேன். கிடைக்காவிட்டால் நின்றபடியே தூங்குவேன். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தூக்கம்தான். படிப்பெல்லாம் அதற்கு அப்புறம்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆகாயத்தில் ஒன்றையொன்று சுற்றி வரும் ஜோடிகள் உண்டு. அப்படி ஒரு ஜோடியில் ஒன்று நட்சத்திரம், மற்றொன்று கருந்துளை. நட்சத்திரம் வயதாகி ஊதிப் பெரிதாகும்போது அதன் வாயு கருந்துளையின் பக்கம் வழியத் தொடங்கும். ஆனால் நேரே போய் விழாது. இரண்டும் சுற்றிக்கொண்டே இருப்பதால் வாயு ஒரு பக்கமாக வளைந்துபோய், கருந்துளையைச் சுற்றி வளையமாகச் சேர்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இதையெல்லாம் யார் பக்கத்தில் போய்ப் பார்ப்பது? அதனால் வாயுவைச் சின்னச் சின்னத் துகள்களாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துகளும் எங்கே போகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு பெரிய ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கும். நம்மை அதன் பக்கத்தில் விடமாட்டார்கள். கணக்கின் ஒவ்வொரு வரியையும் ஒரு அட்டையில் துளைகளாக அடித்து வாங்கி, அட்டைகளை வரிசைப்படி அடுக்கி, ஜன்னல் வழியாகக் கொடுக்கவேண்டும். நம் முறை வரும்போது ஓட்டிவிட்டு, வந்த விடையைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஒரு அட்டை இடம் மாறினாலும் கதை கந்தல். அதனால் அடுக்கின் மேல் விளிம்பில் சாய்வாக ஒரு மைக்கோடு இழுத்து வைப்பேன், வரிசை கலைந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். என் கணக்குக்கு ஒரு பெட்டி நிறைய அட்டைகள்.

இவ்வளவு பாடுபட்டும் என் கணக்கில் அந்த வளையம் மட்டும் வரவே இல்லை. நட்சத்திரத்திலிருந்து கிளம்பும் வாயு, கருந்துளையின் பக்கம் போவதுபோலப் பாவனை காட்டிவிட்டு எங்கோ வெளியே ஓடிவிடும். சூத்திரங்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். என் வழிகாட்டியும் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, விடை மட்டும் தப்பாக வந்தது. மாதக் கடைசியில் பரிசீலனைக் குழு கூடுகிறது, அதன் முன்னால் வைக்க ஒரு முடிவும் இல்லாவிட்டால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அது நின்றால் என் படிப்பும் நின்றது என்று அர்த்தம். ரயில்வேயில் ஓய்வுபெற்று வீட்டில் இருந்த என் நைனா, அதாவது அப்பா, "போதும்மா. அது அத்த துன்னுதா இது இத்த துன்னுதான்னு பாத்துகினு நீ துன்றத மறந்துட்ட" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். அவரும் களைத்துப் போயிருந்தார்.

அன்று அலமாரியில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் மையத்தில் என் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெட்டிதான் என் கையில் இருந்தது. பிரதி கிடையாது. பழைய அச்சுத்தாள் ஒன்று உண்டு, ஆனால் அதற்குப் பிறகு மாற்றிய அட்டைகள்தான் பாதிக்கு மேல்.

எங்கள் வீடு கே.ஜி.கண்டிகை போகிற வழியில். நெரிசலில் எப்படியோ பஸ் ஏறி, பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். கண் சொருகிவிட்டது. யாரோ என் ஸ்டாப்பிங் பெயரைச் சொல்லிக் கத்த, அலறியடித்துக்கொண்டு எழுந்து, காவடிகளுக்கு நடுவே புகுந்து கீழே குதித்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கைகள் காலியாக இருப்பது உறைத்தது. ரோட்டுக்கு ஓடினேன். பஸ் எப்போதோ போயிருந்தது.

கிருத்திகை முடியும்வரை எந்த பஸ் எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். கூட்டம் வடிந்த பிறகு அந்தக் கண்டக்டரைப் பிடித்துவிட்டேன். பெட்டி நெரிசலில் மிதிபட்டுக் கிழிந்துவிட்டதாகவும், சிதறியதை எல்லாம் பொறுக்கிக் கண்டிகையில் ஒரு டீக்கடையில் கொடுத்ததாகவும் சொன்னார். சிதறியது என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான், "அண்ணா, ஒரு பெட்டி, உள்ளே அட்டை" என்று ஆரம்பிப்பதற்குள் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டார்.

"ஆங், அட்டைதானம்மா? பாத்தேன் பாத்தேன். பூரா ஓட்ட போட்ட அட்ட. தறிக்காரங்கள்துன்னு தெரியாதா நமக்கு? பக்கத்துத் தெரு தறிக்காரர் டீ குடிக்க வந்தாரு. அவராண்ட குடுத்து அனுப்பிட்டேன். பத்திரமா இருக்கும் போ."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேலைக் கரையில் மயிலும் மாங்காயும் வரவேண்டுமென்றால் தறிக்கு மேலே ஜக்கார்டு என்று ஒரு பெட்டி வைப்பார்கள். துளை போட்ட அட்டைகளை நூலால் வரிசையாகக் கோத்து, மாலைபோல அதில் ஓடவிடுவார்கள். எந்தத் துளையில் ஊசி நுழைகிறதோ அதன்படி இழை எழும்பும். அந்த ஊரில் துளை போட்ட அட்டை என்றால் அது தறிக்குத்தான். வேறு எதற்காவது ஒரு மனிதன் அட்டையில் ஓட்டை போடுவானா?

தறிக்காரர் வீட்டுக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது தறிதான். பாவு நூல் ஏற்றி, பாதி நெய்த அரக்குச் சேலை அதில் நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், சுவரோரமாக விரித்த பாயில், என் அட்டைகள். மடிப்பு மடிப்பாக, அழகாக, ஒரு நீளமான மாலையாக. ஒவ்வொரு அட்டையின் இரண்டு ஓரத்திலும் குத்தூசியால் துளை போட்டு, முறுக்கு நூலால் ஒன்றோடொன்று கோத்திருந்தார்கள்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். எழுந்து நின்று வரவேற்றார்.

"வாம்மா, குந்து. உன்துதானா? யாராச்சும் தேடிகினு வருவாங்கன்னு வாசலயே பாத்துகினு இருந்தோம். பெட்டி பீஸ் பீஸா பூட்ச்சி, அட்ட ஒண்ணுமேல ஒண்ணு கொழம்பிக் கெடந்திச்சி. நல்லவேளை, தலமாட்டுல சாய்வா ஒரு மைக்கோடு இழுத்து வெச்சிருந்த பாரு, அந்தக் கோடு சேர்றாப்ல அடுக்கினோம். அடுக்கினா போதுமா? மறுபடி கொட்டும். அதான் கோத்துட்டோம். இனிமே நீ கெணத்துல போட்டாலும் ஒரு அட்ட எடம் மாறாது."

உண்மைதான். வரிசை அப்படியே இருந்தது. நடுநடுவே புரட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் அந்த அட்டைகளை இனி எந்த மெஷினும் தொடாது. ஓரத்தில் நூல் துளை இருந்தால் உள்ளே போனதும் சிக்கிக் கிழியும், கிழியாமல் போனாலும் அந்தத் துளையையும் ஒரு எழுத்தாக எண்ணிக்கொண்டு உளறும். ஒரு அட்டை இரண்டு அட்டை என்றால் பரவாயில்லை. மொத்தப் பெட்டியும் அப்படி. பெட்டி கிடைக்காமல் இருந்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரவில்லை. கேட்காமல் இதை யார் செய்யச் சொன்னது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போது அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் மூன்று நான்கில் துணிச்சுற்று. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "குத்தூசி பட்டுச்சிம்மா. உன் அட்ட ரொம்ப சன்னம், வழுக்கிகினு போவுது" என்றார். பிறகு தறியைக் காட்டி, "கல்யாணச் சேல. அத்த நிறுத்திட்டு ரெண்டு பேரும் இதையே கோத்துகினு குந்திட்டோம். யாரு பெத்த புள்ளையோ தொலச்சிட்டு அல்லாடிகினு இருக்குமேன்னு" என்றார்.

மோரைக் குடித்தேன். குடிக்கும்போதே அழுகை வந்தது. அதைப் பெட்டி கிடைத்த சந்தோஷம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எந்த ஊரு தறிம்மா இது? இம்மாஞ் சின்ன அட்ட நான் பாத்ததேயில்ல."

"மெட்ராஸ்லண்ணா."

"இன்னா விழும் இதுல? மயிலா, மாங்காவா?"

"நட்சத்திரம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஆங், நட்சத்திர புட்டாவா!" என்று, சேலையில் விழும் சின்னப் பூவேலையாக எண்ணிக்கொண்டு திருப்தியாகத் தலையாட்டினார். "நெய்ஞ்சி முடிச்சதும் எடுத்தாந்து காட்டும்மா."

மாலையை மடித்துச் சாக்குப்பையில் போட்டு, பஸ் ஏறும்வரை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் நான் அதை விரித்ததும் நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இன்னாம்மா, நட்சத்திரத்துக்கு மாலையே கட்டிட்டியா?" என்றார். சிரிக்கவும் எனக்குத் தெம்பில்லை.

மெட்ராஸில் அட்டை அடித்துக் கொடுக்கும் பிரிவில் அப்போது வேலை மலைபோல் குவிந்திருந்தது. குழு கூடுவதற்குள் முடியவே முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். மூலையில் கிடந்த ஒரு பழைய மெஷினைக் காட்டி, வேண்டுமானால் நீயே அடித்துக்கொள் என்றார்கள். அதுவரை நான் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுப்பதோடு சரி, அட்டையை அடிப்பதெல்லாம் அவர்கள்தான்.

உட்கார்ந்தேன். நூலை வெட்டி ஒரு அட்டையை எடுப்பது, அதைப் பார்த்துப் புது அட்டையில் அடிப்பது, அடுத்த நூலை வெட்டுவது. முதுகு விட்டுப்போயிற்று. போகிற வருகிறவர்கள் என் மடியில் கிடந்த மாலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். வளையம் வராத ஒரு கணக்கை, வராது என்று தெரிந்தே, மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோமே என்ற நினைப்புதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் களைக்க வைத்தது. பல தடவை எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நூலை வெட்டும்போது அந்தம்மாவின் விரல் துணி ஞாபகம் வந்தது. சரி, இன்னும் ஒன்று என்று தொடர்ந்தேன்.

அந்த மெஷினில், இப்போது அட்டையின் எந்தக் கட்டத்தில் அடிக்கிறோம் என்று காட்ட ஒரு முள் உண்டு. ஒரு நீளமான வரியை அடித்துக்கொண்டிருந்தேன். முள் எழுபத்திரண்டைத் தாண்டிப் போயிற்று. கை தானாக நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு அட்டையிலும் எழுபத்திரண்டாவது கட்டம் வரைதான் கணக்காகப் படிக்கும். அதற்கப்பால் என்ன இருந்தாலும் கண்டுகொள்ளாது. அது வரிசை எண் போடுவதற்கான இடம். என் பழைய அட்டையில் ஒரு வரியின் வால் அந்த இடத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வால் எது தெரியுமா? ஜோடி சுற்றுவதால் வாயு ஒரு பக்கமாக வளையுமே, அந்த வளைவைத் தருகிற சூத்திரத் துண்டு. அச்சுத்தாளில் முழு வரியும் அழகாக அச்சாகியிருக்கும், அதனால் நானும் பார்க்கவில்லை, வழிகாட்டியும் பார்க்கவில்லை. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, கம்ப்யூட்டருக்குத் தெரியவே இல்லை. இத்தனை மாதமும் வளையச் சொல்லாமலே, வாயு ஏன் வளையவில்லை என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து குதித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். பிறகு அந்த வரியை இரண்டு அட்டையாகப் பிரித்து அடித்தேன்.

குழு கூடுவதற்குச் சற்று முன்னால்தான் என் முறை வந்தது. ஜன்னலில் நீட்டிய அகலத்தாளை வாங்கிப் பிரித்தேன். அந்தக் காலத்தில் படம் என்றால் புள்ளிகளும் நட்சத்திரக் குறிகளும்தான். இடது பக்கம் அடர்த்தியாக ஒரு உருண்டை. அதிலிருந்து மெல்லிய ஒரு ஓடை கிளம்பி, வளைந்து, எதிரே ஒரு வெற்றிடத்தைச் சுற்றி வந்து, தன்மேல் தானே சேர்ந்திருந்தது. வளையம். குழுவினர் அதை வாங்கிப் பார்த்தார்கள், இரண்டு கேள்வி கேட்டார்கள், உதவித்தொகையை நீட்டித்தார்கள். இவ்வளவுதான் நடந்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு கண்டிகைக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னாம்மா, நம்ம கோத்தத்த உன் தறி ஏத்துகிச்சா?"

பொய் சொல்லத்தான் தீர்மானித்துப் போயிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அந்தத் துளைகளால் மெஷின் எடுக்காது என்பதையும், அதனால் எல்லாவற்றையும் நானே திரும்ப அடித்ததையும், அப்படி அடித்ததால்தான் எத்தனையோ மாதமாக அகப்படாத தப்பு அகப்பட்டதையும். பாதியிலேயே அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்பவே சொன்னேன், ஆளு வரட்டும், கேட்டுகினு கோப்போம்னு" என்று மனைவி அவரைக் கடிந்தார். தப்பு கிடைத்ததே அண்ணா, அதனால்தான் படிப்பே பிழைத்தது என்று எவ்வளவு சொல்லியும் அவர் சமாதானமாகவில்லை.

"இருந்தாலும் உன் வேலய ரெட்டிப்பு பண்ணிட்டனேம்மா" என்றார்.

பேச்சை மாற்றத் தாளை விரித்துக் காட்டினேன். இருவரும் குனிந்து பார்த்தார்கள். அவர் வளையத்தின்மேல் விரலை ஓட்டினார். "கர சுத்தமா விழுந்திருக்குது. நடுவுல, உடல்ல ஏன் ஒண்ணுமே இல்ல?"

"அங்கதாண்ணா எல்லாம் போய் விழுது. விழுந்தா திரும்பி வராது. வெளிச்சம்கூட வராது."

"அப்ப இந்தப் பக்கத்து உருண்ட?"

"அது குடுத்துகினே இருக்கும்."

"எத்தினி நாளைக்கு?" என்று கேட்டது மனைவி.

"தீர்ற வரைக்கும்" என்றேன்.

அந்தம்மா இன்னும் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாவம், அதுக்கும் ஓய்ச்சலில்ல" என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். வேலையை நிறுத்த அவர்களுக்கு நேரமில்லை. அன்று எனக்காக மட்டும் எப்படி நிறுத்தினார்கள் என்பது தறிச் சத்தம் மறுபடி தொடங்கிய பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

பிறகு நான் படிப்பை முடித்தேன், பாடம் நடத்தினேன், இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். இத்தனை வருடத்தில் எனக்கு உதவுகிறேன் என்று வந்து காரியத்தைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், இன்றும் வருகிறது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன், இந்த ஆள் தன்னுடைய எந்த வேலையை நிறுத்திவிட்டு எனக்காக வந்தார் என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கிறேன், அநேகமாக அதற்குமேல் திட்ட முடிவதில்லை.